கோமதிநாயகம் பேட்டரி கழற்றிய கதை

செங்குளம்பேட்டைக்காரர்களைப் போல நிம்மதியாகத் தூங்கி எழுந்திரிக்கிற சனங்களை அந்த ஆற்றங்கரை நெடுக வேறெங்கும் பார்க்க முடியாது என்று சொல்வார்கள். சொல்கிறவர்களும் அந்த ஊர்க்காரர்களாகவே இருப்பார்கள். அந்த நிம்மதிக்கெல்லாம் ஆதிகாரணம் என்னவென்று கேட்டால், மின்வாரியத்தில் முப்பத்தொரு வருஷம் உழைத்து ஃபோர்மேனாக ஓய்வுபெற்ற கோமதிநாயகம், முந்நூற்றைம்பது ரூபாய் கூலி கொடுக்க மனம் வராமல், தன் காரின் செத்துப்போன பேட்டரியைத் தானே கழற்றியதுதான்.

மனுஷனைக் கஞ்சன் என்று ஒரேயடியாகச் சொல்லிவிடவும் முடியாது. கோயில் கொடைக்கு வரி என்றால் முதல் ஆளாகக் கொடுப்பார், கல்யாண வீட்டில் மொய் வைத்தால் கவர் கனமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு வேலையை இன்னொருத்தன் வந்து செய்துவிட்டு அதற்குக் கை நீட்டினான் என்றால் அவருக்கு அடிவயிறு பற்றிக்கொண்டு வரும். குழாய் ஒழுகினாலும் அவரே, ஓடு மாற்றுவதென்றாலும் அவரே, மிக்ஸி புகைந்தாலும் அவரே. பதினோராயிரம் வோல்ட்டுக் கம்பியைத் தொட்டுப் பழகின கை இது, இந்தக் கைக்குத் தெரியாததை எவன் வந்து செய்துவிடப்போகிறான் என்பார். அந்தக் கையை அப்படியே தூக்கி உங்கள் முகத்துக்கு நேரே காட்டவும் செய்வார்.

அந்தக் கைதான், பேட்டரி கழற்றுவதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு காலை நேரத்தில், ரயில்வே கேட்டில், கார் சாவியைத் திருகி எஞ்சினை அணைத்தது. பின்சீட்டில் அவருடைய ஒரே மகள் பூரணி, எட்டாம் மாசம், வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள், வலி கண்டு ரத்தமும் கண்டு, அம்மா ஆவுடையம்மாளின் மடியில் தலையை வைத்துக் கிடந்தாள். கேட்டு மூடியிருந்தது. கேட்டு மூடினால் எஞ்சினை அணைப்பது அவருடைய முப்பது வருஷத்துப் பழக்கம், நிற்கிற வண்டிக்கு எதற்குப் பெட்ரோல் என்பது அவர் நியாயம். மகள் முனகிக்கொண்டு கிடக்கும்போதும் கை தன்பாட்டுக்குப் போய் அணைத்துவிட்டது. கூட்ஸ் வண்டி போனது, கேட்டு திறந்தது, சாவியைத் திருகினால் எஞ்சின் ஒரு செருமல் செருமிவிட்டு அடங்கிப்போயிற்று. அந்தப் பேட்டரி இனி ஆகாது, மாற்றிவிடுங்கள் என்று பேட்டரிக் கடை பீர்முகம்மது மூன்று மாசத்துக்கு முன்பே சொல்லியிருந்தார், டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினால் இன்னும் ஆறு மாசம் ஓடும் என்று இவர்தான் வாங்கி ஊற்றிக்கொண்டிருந்தார். இரண்டு பக்கத்து வண்டிகளும் முண்டியடித்துக்கொண்டு தண்டவாளத்தில் ஏறி, நகர வழியில்லாமல் ஒன்றோடொன்று அடைத்துக்கொள்ள, அவர் குடியிருந்த கீழத்தேரடித் தெருவே ஓடிவந்து காரில் கை வைத்துத் தள்ளியது, பீர்முகம்மது வயரோடு ஓடிவந்து மூடியைத் திறந்து என்னவோ செய்தார், கடைசியில் எஞ்சின் உறுமிக் கிளம்பினபோது பூரணி போய்ச் சேர்ந்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் திருப்பி, அதே காரில் வீட்டுக்கே கொண்டுவந்தார்கள்.

வண்டிய எதுக்கு அணைச்சிய என்று ஆவுடையம்மாள் அன்றைக்கு ஒரு தடவை கேட்டாள். அவர் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவள் புருஷனோடு பேசவில்லை. சோறு வடிப்பாள், தட்டில் போட்டு மேசைமேல் வைப்பாள், நகர்ந்துவிடுவாள். இறப்புச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுக்கிற தாளில் இறந்ததற்குக் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது, அதில் என்ன எழுத என்று தெரியாமல் கோமதிநாயகம் அதை அப்படியே மடித்துப் பீரோவுக்குள் வைத்துவிட்டார். ஒரு மனுஷி ஒரே வீட்டில் இருந்துகொண்டு இரண்டு வருஷம் பேசாமல் இருப்பது என்றால் என்னவென்று பட்டவர்களுக்குத்தான் தெரியும், வைதால்கூடத் தேவலை என்று அவர் ஏங்கிப்போனார்.

இரண்டாம் வருஷத் தெவசம் கழிந்ததும் காரை விற்றுவிடலாம் என்று முடிவு செய்தார். வாங்குகிறவன் ஓட்டிப் பார்ப்பானே, அதற்குப் பேட்டரி வேண்டும், பழசில் கடிகாரம் ஓடுகிற அளவுக்குத்தான் உயிர் மிச்சமிருந்தது. பீர்முகம்மது கடையில் புதுசு ஒன்று வாங்கினார். வீட்டுக்கு வந்து மாட்டித் தருகிறேன், கூலி முந்நூற்றைம்பது என்று பீர் சொன்னதும் இவருக்குச் சுருக்கென்றது. இரண்டு நட்டைக் கழற்றி இரண்டு நட்டை முடுக்குவதற்கு முந்நூற்றைம்பதா, நீர் கடை நடத்துகிறீரா கொள்ளையடிக்கிறீரா என்று சத்தம் போட்டார். பீர் கோபிக்கவில்லை. கழற்றுவதற்கு முன்னால் சின்ன பேட்டரி ஒன்றை வயரில் இணைத்துக் காருக்கு உயிர் கொடுத்துக்கொண்டே கழற்ற வேண்டும், அந்த வேலைக்குத்தான் அந்தக் காசு, வெறுமனே பிடுங்கினால் வண்டிக்கு ஞாபகம் போய்விடும் என்று பொறுமையாகச் சொன்னார். கடிகாரமும் ரேடியோவும் அழிந்துபோகும், அவ்வளவுதானே, போகட்டும் என்று இவர் பேட்டரியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். மகளைக் கொன்ற புத்தி மாறவேயில்லை பாருங்கள்.

முறைப்படிதான் செய்தார், அதில் குற்றம் சொல்ல முடியாது. பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து, கறுப்பு வயரை முதலில் தளர்த்தி ஒதுக்கினார், பிறகு சிவப்பு. சிவப்பு வயர் கழன்ற நொடியில், தலைச்சுமையை யாரோ இறக்கி வைத்ததுபோல ஒரு பெருமூச்சு காருக்குள்ளிருந்து வந்தது, ஸ்பேனர் வழியாக ஒரு குளிர்ச்சி ஏறி முழங்கையில் வந்து நின்றது. கேஸ் போகிற சத்தமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு அவர் புதுப் பேட்டரியை வைத்து முடுக்கிக்கொண்டிருந்தபோது, புறவாசல் கதவைத் திறந்துகொண்டு ஆவுடையம்மாள் வந்து நின்றாள்.

"என்ன, காலையிலேயே வண்டிய கட்டிட்டு அழுதிய? காப்பி குடிக்கியளா?" என்றாள்.

கோமதிநாயகம் ஸ்பேனரைக் கீழே வைத்தார். அவள் காப்பியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள், பக்கத்தில் நின்றாள், கொடியில் கிடந்த துண்டை எடுத்து அவர் நெற்றியைத் துடைத்தாள். அவர் அழுதேவிட்டார். கண்ணில் ஆசிட் தெறித்துவிட்டதோ என்று அவள் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவர ஓடினாள். அன்று மத்தியானம் சொதி வைத்து, இஞ்சிப் பச்சடி அரைத்து, பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினாள். சாப்பிட்டு முடிக்கிற நேரத்தில், பூரணி போனை எடுக்கவே மாட்டேன் என்கிறாள், மாமியார் வீட்டுக்குப் போனதும் பெற்றவளை மறந்துவிட்டாள் பாருங்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

 அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் அவர் முதலில் நினைத்தார். ஆனால் எதிர்வீட்டு மைனியும் மகள் எப்ப வருகிறாள் என்று கேட்டாள். பால்காரர் கேட்டார். தெருவில் அன்றைக்குக் காரில் கை வைத்துத் தள்ளின அத்தனை பேரும், பாடை கட்டினவர்களும் சேர்த்துத்தான், பூரணிக்குப் பையனா பெண்ணா என்று வாய் நிறையக் கேட்டார்கள். ஆவுடையம்மாளைச் சமாளிக்கத்தான் இப்படிக் கேட்கிறார்கள் என்று இரண்டு நாள் நம்பிக்கொண்டிருந்தவர், மூன்றாம் நாள் பீர்முகம்மது கடைக்கு ஓடினார். பீரும் முதல் வேலையாக மகளைத்தான் விசாரித்தார். பிறகு, பேட்டரி கழற்றினதிலிருந்து எல்லாருக்கும் ஒன்று மறந்துபோயிற்று என்று மட்டும் இவர் சொன்னதைக் கேட்டுவிட்டு, ஆச்சரியமேபடாமல், தேநீர் வரவழைத்துக் கொடுத்தார்.

"அதத்தான அண்ணாச்சி அன்னைக்கே சொன்னேன். வண்டி மறந்தா, வண்டிக்குள்ள நடந்ததையும் அதுனால வந்ததையும் அந்த வண்டிய தொட்டவுக எல்லாரும் மறந்துருவாக. ஸ்பேனர் புடிச்ச கைக்கு மட்டும் இருக்கும். போனது போனதுதான், திரும்ப ஏத்த முடியாது. என்னத்த அழிச்சிய, எனக்குந்தான் தெரியலையே."

இப்படி ஒரு அதிசயம் நடந்தால் வேறு ஊராக இருந்தால் பயந்திருப்பார்கள், பரிகாரம் செய்திருப்பார்கள். செங்குளம்பேட்டை என்ன செய்தது தெரியுமா, பீர் கடை வழியாக விஷயம் காதில் விழுந்ததும் வரிசையில் வந்து நின்றது. பத்திரப் பதிவு ஆபீஸ் குற்றாலநாதன் முதல் ஆளாகக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். பேட்டரி புத்தம்புதுசு, வாங்கி இரண்டு மாசம்கூட ஆகவில்லை. சும்மா ஒரு தடவை கழற்றி மாட்டிக் கொடுங்கள் அண்ணாச்சி, மனசுக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது என்றார். கோமதிநாயகம் கழற்றினார். சிவப்பு வயர் கழன்றதும் கையில் குளிர்ச்சி ஏறியது, அதோடு குற்றாலநாதன் தன் அம்மாவை அந்தக் காரில் கூட்டிக்கொண்டுபோய், அருவிக்குப் போகிறோம் என்று சொல்லி, மலையடிவாரத்து மடம் ஒன்றின் வாசலில் இறக்கிவிட்டு வந்ததும், அந்த அம்மாள் வழி நெடுகப் பிள்ளைக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்துக்கொண்டே போனதும் ஏறி வந்து உட்கார்ந்துகொண்டது. குற்றாலநாதன் முகம் தெளிந்துபோய், இங்கே எதற்கு வந்தேன் என்று கேட்டார். அம்மாவை எங்கே விட்டோம் என்று அவருக்கு இனிமேல் தெரியாது, போய்க் கூட்டிவரலாம் என்று ஒருநாள் மனம் இளகினாலும் வழி தெரியாது.

அதற்கப்புறம் தினமும் கார்கள். தீபாவளிக்கு முந்தின ஜவுளிக்கடைபோலத் தெரு அடைத்துக்கொண்டது. புருஷன் வீட்டில் அடி தாங்காமல் ஓடிவந்த பெண்ணை மறுபடி ஏற்றிக்கொண்டுபோய்த் தள்ளிவிட்டு வந்த கார், காதலித்தவனை ஊர் எல்லையில் வைத்து மிரட்டின கார், தெற்குத்தெருப் பையனை இடித்துவிட்டு நிற்காமல் போன கார், எல்லாம் வந்தன. காவல்நிலையத்து இன்ஸ்பெக்டர்கூட ஜீப்பைக் கொண்டுவந்தார். அந்த ஜீப்பிலிருந்து ஏறினது என்ன என்பதைக் கோமதிநாயகம் எவரிடமும் சொன்னதில்லை, அன்றைக்கு மட்டும் புறவாசலுக்குப் போய் வாந்தி எடுத்தார். ஆவுடையம்மாள் வந்தவர்களுக்கெல்லாம் மோர் கொடுத்தாள். ஒருத்தரிடமும் அவர் காசு வாங்கவில்லை. கூலியை ஏளனம் பேசினவர் எந்த முகத்தோடு வாங்குவார். வந்தவர்களும் நன்றி சொல்லவில்லை, எதற்கு வந்தோம் என்றே தெரியாதவர்கள் எதற்கு நன்றி சொல்வார்கள்.

ஆக ஊர் சுத்தமாகிவிட்டது. கோயிலில் கூட்டம் குறைந்தது, வேண்டிக்கொள்ள ஒன்றுமில்லை. கடையில் பேரம் பேசினால் சிரித்துக்கொண்டே பேசினார்கள். சண்டையே கிடையாது. ஊரின் அழுக்கெல்லாம் ஒரே ஒரு கிழவன் கைக்குள் இறங்கி, அவருக்கு முழங்கை வரைக்கும் எப்போதும் சில்லென்று இருந்தது. அவருக்கும் மறந்துவிட ஆசைதான். என் கார் பேட்டரியை யாராவது ஒருத்தர் கழற்றுங்கள் என்று தெரிந்தவர்களிடம் கேட்டுப் பார்த்தார், ஸ்பேனரைப் பிடித்தால் என்ன ஆகும் என்று தெரிந்துகொண்டு எவன் பிடிப்பான், எல்லாரும் அவசரமாக ஒரு வேலையைச் சொல்லி நழுவினார்கள். போகப்போக, பிடிக்காததும் நல்லதுக்குத்தான் என்று அவருக்குப் பட்டது. அவரும் மறந்துவிட்டால், பூரணி எப்படிச் செத்தாள் என்று தெரிந்த ஓர் ஆள் அந்த ஊரில் இல்லாமல் போகும்.

மனைவியிடம் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்லத்தான் நினைத்தார், சத்தியமாக. காலையில் சொல்லலாம் என்று எழுந்திருப்பார், அவள் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட வந்து உட்காருவாள். மத்தியானம் சொல்லலாம் என்றால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கிப் போடுவாள். இரண்டு வருஷம் ஊமைப் பிசாசோடு குடித்தனம் செய்த மனுஷனுக்கு அந்த அப்பளம் பெரிய விஷயம். அதனால் பொய் சொன்னார். பூரணி போன் தொலைந்துவிட்டது என்றார், மாப்பிள்ளைக்கு வேலை அதிகம் என்றார், பிள்ளைக்குச் சளி, இப்போது பயணம் வேண்டாம் என்றார். மாப்பிள்ளை சங்கரகுமார் சிவகாசியில் காலண்டர் அச்சாபீஸ் வைத்திருந்தான். பூரணி போன மறுநாள்தான் வந்து கொள்ளி வைத்தான், அந்தக் காரைத் தொடவில்லை, அவனுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. ஒரு வருஷம் அழுதுவிட்டு வேறு கல்யாணம் செய்துகொண்டிருந்தான். அதைக் கோமதிநாயகம் தப்பென்று நினைத்ததில்லை.

ஐப்பசி வந்தது. தீபாவளிச் சீர் கொண்டுபோகாத தாய் ஒரு தாயா என்று ஆவுடையம்மாள் நச்சரிக்க ஆரம்பித்தாள். அவர் நாளைக் கடத்தினார். ஒருநாள் காலை அவர் தெருவில் யாருடைய காரையோ குனிந்து கழற்றிக்கொண்டிருந்தபோது, அவள் முறுக்கு டின்னும் அதிரசத் தூக்கும் மகளுக்குப் பட்டும் பேரப்பிள்ளைக்கு என்று இரண்டு சட்டையும் எடுத்துக்கொண்டு, பஸ் ஏறிப் போய்விட்டாள். சட்டை என்ன அளவு எடுப்பது என்று தெரியாமல் ஒன்று சின்னதும் ஒன்று பெரியதுமாக எடுத்திருந்தாள்.

சிவகாசியில் கதவைத் திறந்தவள் வேறொருத்தி, இடுப்பில் கைக்குழந்தை. சங்கரகுமார் உள்ளேயிருந்து வந்து, அத்தையைப் பார்த்துத் திகைத்து, பூரணி செத்து மூன்றாவது வருஷம் நடக்கிறதே அத்தை, உங்கள் மடியில்தானே உயிர் போயிற்று என்றான். அவள் அந்த இடத்திலேயே முறுக்கு டின்னைக் கீழே போட்டாள். என் பிள்ளையை என்ன செய்தாய் என்று அவன் சட்டையைப் பிடித்தாள். அவள் பக்கத்தில் நின்று பார்த்தால் அது நியாயம்தான். வளைகாப்பு போட்ட மகள் கண்ணெதிரே நிற்கிறாள், அதற்கு மேல் ஒன்றுமே இல்லை, அவள் இடத்தில் இன்னொருத்தி நிற்கிறாள். எந்தத் தாயும் அதைத்தான் நினைப்பாள். ஊருக்குத் திரும்பினவள் வீட்டுக்கு வராமல் நேரே காவல்நிலையத்துக்குப் போனாள், மறுநாள் காலையில் சங்கரகுமாரைக் கொண்டுவந்து பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள்.

தெருவே சாட்சிக்கு வந்தது. பூரணி வளைகாப்பு முடிந்து வந்ததைக் கண்ணால் பார்த்தோம், செத்ததாக நாங்கள் கேள்விப்படவேயில்லை என்று எதிர்வீட்டு மைனி சொன்னாள், பால்காரர் சொன்னார், பீர்முகம்மது படைத்தவன் மேல் ஆணையிட்டுச் சொன்னார். அதில் ஒருத்தர்கூடப் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. சங்கரகுமாரின் சொந்தக்காரர்கள் சொன்னதை, அவனைக் காப்பாற்றத்தான் சொல்கிறார்கள் என்று எவரும் காதில் வாங்கவில்லை. சங்கரகுமார் மாமனாரைப் பார்த்துக் கும்பிட்டான், மாமா நீங்களாவது சொல்லுங்கள் என்றான். இன்ஸ்பெக்டர் கழுவித் துடைத்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார், அந்த ஜீப்பில் நடந்ததைச் செய்த மனுஷன் இவர்தான் என்று பெற்ற தாயே வந்து சொன்னாலும் நம்ப முடியாது.

கோமதிநாயகம் எழுந்து நின்றார். முழங்கை குளிரில் விறைத்தது. அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. பேட்டரி போய்விட்டது என்று தெரிந்தும் மாற்றாமல் ஓட்டினதை, கேட்டு மூடியிருந்ததை, பின்சீட்டில் மகள் அப்பா அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டு கிடந்ததை, பேட்டரியைக் கழற்றினதில் தெருவே அதை மறந்துபோனதை, எல்லாவற்றையும் சொன்னார்.

"நிக்கிற வண்டிக்கு எதுக்குப் பெட்ரோல்னு நாந்தான் அணைச்சேன். எம் புள்ளைய நாந்தான் கொன்னேன். அந்தப் பையன விட்டுருங்க, அவன் ஒரு பாவமும் அறியாதவன்."

இன்ஸ்பெக்டர் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றார். பார்த்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். கோமதிநாயகம் தெருச்சனத்தைத் திரும்பிப் பார்த்தார், அவர்கள் ஐயோ பாவம் என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனைவியிடம் திரும்பி, எனக்காக இல்லை, உன் மகளுக்காக நம்பு ஆவுடை, உன் மடியில்தான் அவள் போனாள், நீதான் என்னைக் கேட்டாய், நான் பதில் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன் என்று கையைப் பிடித்துக் கெஞ்சினார்.

ஆவுடையம்மாள் அழுதுகொண்டுதான் இருந்தாள், ஆனால் அவர் பேசப்பேச அவள் முகம் இளகியது. முந்தானையால் அவர் கண்ணைத் துடைத்தாள். பிறகு இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள்.

"இவுக சொல்லுதத எழுதாதிய சார். மாப்பிள உள்ள போயிரக் கூடாதுன்னு பழிய தன் தலையில போடுதாக. முப்பத்தஞ்சு வருசமா குடும்பம் நடத்துதேன், எம் புருசன எனக்குத் தெரியாதா? மக உசுருக்குத் துடிக்கும்போது பெட்ரோல் மிச்சம் புடிக்கிற பாவியா இவுக?"

தெரு முழுக்க அதை ஆமோதித்தது. அண்ணாச்சி எங்களுக்கு எவ்வளவு செய்திருக்கிறார், என்ன செய்தார் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை, ஆனால் நிறையச் செய்திருக்கிறார், காசுகூட வாங்கியதில்லை, அவரைப்போல மனுஷன் உண்டா என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். இன்ஸ்பெக்டர் கிழவரின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, ஏட்டுக்குச் சைகை காட்டினார். சங்கரகுமாரை உள்ளே கொண்டுபோனார்கள். போகிற போக்கில் அவன் மாமனாரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான்.

ஆவுடையம்மாள் புருஷனைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிவந்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையே என்று இலை போட்டாள். அவர் இலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளே பிசைந்து, ஒரு உருண்டை உருட்டி, உங்களை மாதிரி ஒருத்தருக்கு வாழ்க்கைப்பட நான் கொடுத்துவைத்திருக்கணும் என்று சொல்லி, அவர் வாய்க்கு நேரே நீட்டினாள்.

கோமதிநாயகம் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார்.